பொந்தும் ஓர் உறுப்பு

ஜனவரி மாதத்துக் காலை ஒன்றில் டொரன்டோவிலிருந்து என் அக்கா மகன் அழைத்தான். அங்கே அப்போது முன்னிரவு.

"மாமா, அதுக்குக் கண்ணு தெரியலன்னு நினைக்கிறேன். ரெண்டு கண்ணும் பால் ஊத்தின மாதிரி இருக்கு. மூணு வாரமா சாப்பிடவும் இல்ல."

'அது' என்று அவன் சொன்னது, பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு மலைப்பாம்புக் குட்டியை. பதினான்காவது பிறந்தநாளுக்காக அவன் கேட்டது. அக்கா ஆறு மாதம் மறுத்துப் பார்த்துவிட்டு, தன் அறைப் பக்கம் அது வரக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்திருந்தாள். நான் கால்நடை மருத்துவன் இல்லை. ஊர்வனவற்றைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் படித்தும் பார்த்தும் எழுதுகிறவன், அவ்வளவுதான். ஆனாலும் கண்ணைக் காட்டு என்று நான் கேட்கவில்லை. தொட்டியைக் காட்டு என்றேன்.

கைபேசியைத் திருப்பினான். நான்கு பக்கமும் கண்ணாடி. மேலே கம்பி வலை மூடி. அதன்மேல் ஒரு சிவப்பு விளக்கு. தரையில் செய்தித்தாள், ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர், விளக்கு இல்லாத முனையில் இரு பக்கமும் திறந்த பாதி மரத்துண்டு. அதன் அடியில் என் உள்ளங்கையில் அடங்கும் அளவுக்கு ஒரு சுருள். கண்ணைப் பற்றிய கேள்விக்கு விடை அந்தத் தொட்டியிலேயே இருந்தது.

நம் உடம்பு தோலோடு முடிந்துவிடுகிறது. உள்ளே 37 டிகிரி. வெளியே பனி பெய்தாலும் வெயில் கொளுத்தினாலும் உள்ளே கணக்கு மாறாது. அந்தச் சூட்டைக் காப்பதற்காகவே நாம் தின்பதில் பெரும்பங்கை எரித்துக்கொண்டிருக்கிறோம். பாம்பு அந்தச் செலவைச் செய்வதில்லை. தனக்கு வேண்டிய சூட்டை இடத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. வெயில்பட்ட கல்லில் கொஞ்சம், மண்ணுக்குள் கொஞ்சம். அதன் குடலில் நொதிகள் வேலை செய்யும் வேகம், கிருமியோடு இரத்தம் போரிடும் வேகம், காயம் ஆறும் வேகம் எல்லாம் அது கிடக்கும் இடத்தின் சூட்டைப் பொறுத்தவை. அதனால் பாம்பின் உடற்கூறைப் படமாக வரைந்தால் ஈரல், நுரையீரல், குடல் ஆகியவற்றோடு பொந்தையும் சேர்த்து வரைய வேண்டும் என்பது என் எண்ணம். பாம்பு வளர்ப்பவர் உண்மையில் வளர்ப்பது தோலுக்கு வெளியே இருக்கும் அந்த உறுப்பைத்தான்.

அக்கா மகனிடம் இருப்பது மேற்கு ஆப்பிரிக்காவின் சிறு மலைப்பாம்பு. பிரிட்டனில் அதை ராயல் பைத்தான் என்பார்கள். 1802இல் ஜார்ஜ் ஷா சூட்டிய அறிவியல் பெயருக்கும் அரசனுக்குரியது என்றுதான் பொருள். அமெரிக்கர்களோ அதைப் பந்துப் பைத்தான் என்கிறார்கள். பயந்தால் தலையை நடுவில் புதைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் என்பதால் வந்த பெயர். கடிக்காத சாது என்று சொல்லி உலகெங்கும் விற்கிறார்கள். அந்தச் சாதுத்தனத்தில் பெரும்பகுதி அச்சம். உள்ளங்கையில் அசையாமல் சுருண்டிருக்கும் குட்டியைப் பார்த்து 'எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது' என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கும்.

செனகலிலிருந்து உகாண்டா வரை நீளும் புல்வெளிகளும் காட்டோரங்களும் வயல்களும் இதன் நாடு. பகலில் எலி வளைகளிலும் கைவிடப்பட்ட கரையான் புற்றுகளிலும் கிடந்து இரவில் வெளியே வரும். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறுகிறது என்று நம் ஊரில் குறையாகத்தான் சொல்வார்கள். டோகோவிலும் பெனினிலும் அந்தக் குடியேற்றம்தான் இதன் உயிரைக் காக்கிறது. டிசம்பர் மாதவாக்கில் சகாராவிலிருந்து ஹர்மட்டான் என்ற வறண்ட புழுதிக்காற்று வீசத் தொடங்கும். மனிதர்களின் உதடும் தோலும் வெடிக்கும். அதே நேரத்தில் மண்ணுக்குள் ஒரு முழம் இறங்கினால் காற்று ஈரமாக, சூடு ஏறாமல் இறங்காமல் இருக்கும். வறண்ட நாட்டில் வாழ்ந்தாலும் இது ஈரத்தில் வாழும் பாம்பு. இதை அறியாமல் 'புல்வெளிப் பாம்புதானே, உலர்ந்த தொட்டி போதும்' என்று முடிவு செய்பவர்கள் நிறைய.

முட்டைக்குள் இருக்கும்போதே இந்தப் பாம்பின் முதல் எதிரி வறட்சிதான். தாய் பொதுவாக ஆறேழு முட்டைகள் இட்டு, ஏறத்தாழ இரண்டு மாதம் அவற்றை இறுகச் சுற்றிக்கொண்டு கிடக்கும். பர்மிய மலைப்பாம்பின் தாய் தசைகளைத் துடிக்கவைத்து முட்டைகளுக்குச் சூடு ஊட்டும். டோகோவில் இந்தச் சிறு மலைப்பாம்பை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு: தாயின் சுருள் முக்கியமாக முட்டையின் ஈரம் வற்றாமல் காக்கிறது.

இப்போது டொரன்டோவுக்கு வருவோம். வெளியே மைனஸ் 10 டிகிரி. அந்தக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் இரண்டு கிராமுக்குச் சற்று மேலான நீராவியைத்தான் தாங்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 22 டிகிரிக்குச் சூடேறினால் 19 கிராம் வரை தாங்கும் கொள்ளளவு அதற்கு வந்துவிடுகிறது. இருப்பதோ பழைய இரண்டு கிராம்தான். அந்தக் காற்று எதைத் தொட்டாலும் ஈரத்தை உறிஞ்சும். நம் உதட்டை, மரக்கதவை, பாம்பின் தோலை. அவன் வாங்கி வைத்திருந்த ஈரப்பதமானி 22 சதவீதம் காட்டியது. அந்தக் குட்டிக்கு 60 சதவீதமாவது வேண்டும். சட்டை உரிக்கும் நாட்களில் 70க்கு மேல். சூடேற்றிய டொரன்டோ வீட்டில் அது பொந்தில்லாத ஹர்மட்டானில் வாழ்ந்துகொண்டிருந்தது.

கண்ணில் பால் ஊற்றியதன் காரணம் சட்டை உரிப்பு. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணாடி போன்ற ஒரு செதில் கண்ணை மூடியிருக்கும். பழைய சட்டைக்கும் அடியில் உருவாகும் புதிய தோலுக்கும் இடையே ஒரு திரவம் சுரந்து, இரண்டையும் பிரிக்கும். அந்த நாட்களில் உடம்பு மங்கும், கண் நீலம் கலந்த வெண்மையாகும், பார்வை குறையும், பாம்பு இரையைத் தொடாது. பிறகு கண் தெளியும். அதற்குச் சில நாட்கள் கழித்து, மூக்கு நுனியில் கிழிந்து, காலுறையைக் கழற்றுவதுபோல முழுச் சட்டையும் ஒரே துண்டாக வரும். வளரும் குட்டி நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை இதைச் செய்யும். காற்று வறண்டிருந்தால் சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து ஒட்டிக்கொள்ளும். வால் நுனியில் வளையமாகத் தங்கினால் இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். கண்மேல் தங்கும் பழைய செதிலை நகத்தால் பிய்க்க முயன்று கண்ணையே கெடுத்தவர்கள் உண்டு. அதனால் அவனிடம் முதலில் சொன்னது: "கை வைக்காதே. கண் தெளியும்வரை சாப்பாடும் வேண்டாம்."

மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா, பக்கத்தில் குட்டி நுழையும் அளவுக்கு ஓட்டை, உள்ளே நனைத்துப் பிழிந்த பாசி. ஈரப்பொந்து தயார். வலை மூடியின் மூன்றில் இரண்டு பங்கை அலுமினியத் தாளால் மூடினோம், மீதி காற்றுக்கு. செய்தித்தாளை எடுத்துவிட்டு நான்கு விரல் ஆழத்துக்குத் தேங்காய் மட்டைச் சீவலைப் பரப்பச் சொன்னேன். அதைவிட நல்ல தரை இந்தப் பாம்புக்கு அமையாது. ஈரத்தைப் பிடித்துவைத்து மெல்ல விடும், எளிதில் பூஞ்சை பிடிக்காது. பொள்ளாச்சிப் பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடப்பதைக் கடையில் கனடா டாலர் கொடுத்து வாங்கியதில் அக்காவுக்கு வருத்தம்தான். தேவதாருச் சீவலை மட்டும் வாங்கக் கூடாது. அதன் வாசனை எண்ணெய் நுரையீரலுக்கு ஆகாது. இன்னொன்று, காற்றில் ஈரம் வேறு, தரையில் நசநசப்பு வேறு. எப்போதும் நனைந்த தரையில் கிடந்தால் வயிற்றுச் செதில்கள் புண்ணாகும்.

அடுத்தது சூடு. தொட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். "சராசரி 31, மாமா" என்றான் பெருமையாக. எப்படிக் கணக்கிட்டாய் என்று கேட்டதும் சொன்னான்: விளக்கின் கீழே 41, எதிர் மூலையில் 21.

அந்தச் சராசரி 31 எந்தப் பாம்புக்கும் உதவாது. 41இல் வேகும், 21இல் உறையும். இந்தக் குட்டிக்குத் தேவை ஒரு முனையில் 32 டிகிரி, மறுமுனையில் 25 அல்லது 26, இரவில் எந்த மூலையும் 24க்குக் கீழே போகாத நிலை. நடுவில் படிப்படியாக இறங்கும் சரிவு. அந்தச் சரிவில் அங்குமிங்கும் நகர்ந்துதான் அது தன் உடம்பை ஆள்கிறது. விளக்கோ வெப்பப் பாயோ எதுவானாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒருநாள்கூட வைக்கக் கூடாது. சுடுகிற பரப்பிலிருந்து பாம்பு சட்டென்று விலகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் சூடான கல்லின் மேலேயே கிடந்து வயிறு வெந்துபோன பாம்புகள் ஊர்வன மருத்துவர்களிடம் வந்தபடியே இருக்கின்றன.

இதில் பலர் தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. அவன் தொட்டியில் மறைவிடம் ஒன்றுதான், அதுவும் குளிர்ந்த பக்கத்தில். ஆக, அந்தக் குட்டி சூடு வேண்டுமென்றால் வெட்டவெளிக்கு வர வேண்டும். பாதுகாப்பு வேண்டுமென்றால் குளிரில் கிடக்க வேண்டும். காட்டில் பருந்தும் கீரியும் தின்னும் அளவுக்குச் சிறிய உயிர் அது. அது பாதுகாப்பையே தேர்ந்தெடுக்கும். குளிரில் கிடந்தால் குடல் வேலை செய்யாது, குடல் வேலை செய்யாவிட்டால் பசி வராது. மூன்று வாரப் பட்டினியின் கதை இவ்வளவுதான். சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று என ஒரே மாதிரி இரண்டு மறைவிடங்கள் வேண்டும். ஒரு வாசல் மட்டும் இருக்க வேண்டும். சுருண்டால் முதுகும் விலாவும் சுவரில் படும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும்.

இடத்தின் சூடு உயிர் காக்கும் என்பதற்கு நான் மறக்காத சான்று ஓர் ஓணானைப் பற்றியது. 1975இல் மிச்சிகனில் மாத்யூ குளூகரும் சகாக்களும் பாலை இகுவானாக்களுக்குக் கிருமியை ஏற்றி வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்தார்கள். சூடான அறைகளில் இருந்தவை பெரும்பாலும் பிழைத்தன. குளிர்ந்த அறைகளில் இருந்தவை பெரும்பாலும் மாண்டன. நமக்குக் காய்ச்சல் உள்ளிருந்து வருகிறது. ஊர்வனவற்றுக்குக் காய்ச்சலடிக்கச் சூடான இடத்துக்கு நடந்துபோக வேண்டும். போக இடமில்லாவிட்டால் காய்ச்சலும் இல்லை, குணமும் இல்லை.

குளிரில் வாடும் குட்டிகளுக்கு முதலில் கெடுவது நுரையீரல்தான். பாம்புக்கு உதரவிதானம் கிடையாது. நம்மைப்போல இருமிச் சளியை வெளியேற்ற அதனால் முடியாது. சளி உள்ளேயே தேங்கும். மூச்சு விடும்போது சிறு சொடுக்குச் சத்தம், மூக்கில் குமிழி, வாயைத் திறந்து தலையை மேலே தூக்கி வைத்துக்கொள்வது என இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போக வேண்டும். எல்லா மூச்சுக் கோளாறுக்கும் குளிர்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. மலைப்பாம்புகளின் நுரையீரலைத் தாக்கும் நிடோவைரஸ் என்ற கிருமியை 2014இல் கண்டறிந்தார்கள். வீட்டில் ஏற்கெனவே பாம்பு இருந்தால் புதிதாக வருவதைச் சில மாதங்கள் தனி அறையில் வைப்பது அதனால்தான். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள்போலக் கிடப்பவை உண்ணிப் பூச்சிகளாக இருக்கலாம். பாம்பு நாள்முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

இரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. உயிரியலிலேயே என்னை அதிகம் வியக்கவைத்த ஆய்வுகளில் ஒன்று இதைச் சார்ந்தது. ஸ்டீபன் சீகாரும் ஜாரெட் டைமண்டும் 1990களில் பர்மிய மலைப்பாம்புகளை ஆராய்ந்தார்கள். பட்டினி நாட்களில் அவற்றின் குடல் சுருங்கிக் கிடக்கிறது, பயன்படாத நேரத்தில் விளக்கை அணைத்துவைப்பதுபோல. பெரிய இரை ஒன்றை விழுங்கியதும் உயிர்வளிச் செலவு ஓய்வு நிலையைவிட 40 மடங்குக்கும் மேல் ஏறுகிறது. சிறுகுடலின் எடை ஓரிரு நாளில் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. 2005இல் வந்த மற்றோர் ஆய்வு, 48 மணி நேரத்தில் இதயத்தின் கீழறை 40 சதவீதம் பருப்பதைக் காட்டியது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் உள்ளே ஒரு தொழிற்சாலையையே எழுப்பி, வேலை முடிந்ததும் கலைத்துவிடுகிறது.

இது தெரிந்தால் வளர்ப்பு விதிகள் தாமே புரியும். இரை விழுங்கிய பிறகு 48 மணி நேரம் ஏன் தூக்கக் கூடாது? தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது சூடு ஏன் குறையக் கூடாது? குறைந்தால் வயிற்றில் இருக்கும் எலி செரிப்பதற்கு முன் அழுகத் தொடங்கும், பாம்பு கக்கிவிடும். கக்கிய குட்டிக்கு உடனே அடுத்த இரை ஏன் தரக் கூடாது? உள்ளே எல்லாம் புண்ணாகியிருக்கும். இரண்டு வாரமாவது விட்டு, வழக்கத்தைவிடச் சிறியதாகத் தர வேண்டும்.

குட்டியின் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் எடையுள்ள ஒரே ஓர் எலிக்குஞ்சு, வாரம் ஒருமுறை. உறையவைத்ததை இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, பிறகு வெந்நீரில் உடல்சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மைக்ரோவேவ் வேண்டாம், உள்ளே வெந்துவிடும். உயிருள்ள எலியைப் போடுவது எலிக்கும் கொடுமை, பாம்புக்கும் ஆபத்து. பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிய சம்பவங்கள் ஏராளம். இரை சூடாக இருக்க வேண்டியதற்குக் காரணம் பாம்பின் உதட்டோரக் குழிகள். வெப்பக் கதிரை உணரும் புலன் அது. அதன் மூலக்கூறை 2010இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் கண்டுபிடித்தது. வெப்ப உணர்வு பற்றிய ஆய்வுகளுக்காக அவர் 2021இல் நோபல் பரிசு பெற்றார். ஆறிப்போன எலி அந்தப் புலனுக்கு வெறும் கல். இருட்டிய பிறகு நீண்ட இடுக்கியால் நீட்டி, மெல்ல அசைத்து, எடுக்காவிட்டால் பேசாமல் விலகிவிட வேண்டும். தினமும் முயன்று தொந்தரவு செய்வதுதான் பட்டினியை நீட்டிக்கும்.

நைஜீரியக் காடுகளில் நடந்த ஆய்வொன்று 1998இல் வெளியானது. அதன்படி 70 செண்டிமீட்டருக்குக் குறைவான குட்டிகள் பெரும்பாலும் பறவைகளைத் தின்கின்றன. பெரிய பாம்புகள்தான் எலி போன்ற பாலூட்டிகளுக்கு மாறுகின்றன. பறவை தின்ன மரமேற வேண்டும். பொந்தில் உறங்கும் பாம்புக்கு ஏறத் தெரியாது, ஏறவும் தேவையில்லை என்று நீண்ட காலம் சொல்லிவந்தவர்கள் இதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. விற்பனைக்காகப் பெருக்குபவர்கள் பாம்புகளை மேசை இழுப்பறைபோன்ற தட்டையான பெட்டிகளில் அடுக்கடுக்காக வைக்கும் வழக்கம் அந்த நம்பிக்கையில்தான் வளர்ந்தது. 2021இல் மியூனிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பந்துப் பைத்தான்களை இழுப்பறைகளிலும், கிளைகள் வைத்த தொட்டிகளிலும் வைத்துப் படமெடுத்துப் பார்த்தார்கள். தொட்டியில் அவை ஏறின, தோண்டின, விளக்கடியில் காய்ந்தன, தண்ணீரில் கிடந்தன. இழுப்பறையில் இவற்றுக்கெல்லாம் வழியே இல்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் அடைபட்ட விலங்கின் நடத்தை அங்கே தெரிந்தது.

இழுப்பறைக்காரர்கள் ஒரு வாதம் சொல்வார்கள்: பெரிய தொட்டியில் போட்டால் குட்டி மிரண்டு பட்டினி கிடக்கும். அவர்கள் கண்டது பொய்யில்லை, காரணத்தைத்தான் தவறாகப் புரிந்துகொண்டார்கள். குட்டியை மிரட்டுவது வெறுமை. அதே பெரிய தொட்டியில் மூன்று பக்கம் தாள் ஒட்டி, கிளையும் இலைச்சருகும் நிறைத்து, போகும் வழியெல்லாம் ஒளிந்தே போக விட்டால் அது வெளியே வருகிறது. ஒளிய இடமிருக்கும் பாம்புதான் ஒளியாமல் உலவுகிறது.

பயத்தின் அடையாளங்கள் சின்னவை. கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருப்பது, இரவெல்லாம் ஓயாத அலைச்சல், தொட்டதும் இழுத்துக்கொள்ளும் தலை, கழுத்தை எஸ் வளைவாக்கிக்கொள்வது. புதிதாக வந்த குட்டியை ஒரு வாரம், பத்து நாள் தொடவே கூடாது. இரண்டு மூன்று முறை இரை எடுத்த பிறகு, கையைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுபோய், அடியில் தாங்கித் தூக்கலாம். பத்து நிமிடம் போதும். மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்து. தொட்ட பிறகு சோப்பால் கை கழுவ வேண்டும், பாம்பின் தோலில் சால்மொனெல்லா இருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு ஒன்று வாங்கலாமே என்று தமிழ்நாட்டில் யாராவது நினைத்தால் இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டியது எனக்குக் கடமை. நம் காட்டு மலைப்பாம்பு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது; வீட்டில் வைப்பது குற்றம். ஆப்பிரிக்கப் பாம்பை வைத்திருக்கவும் அரசிடம் பதிவு வேண்டும். பாங்காக்கிலிருந்து வந்த பைகளில் துணியிலும் டப்பாவிலும் அடைத்த பந்துப் பைத்தான் குட்டிகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத் துறையினர் மீண்டும் மீண்டும் பிடித்திருக்கிறார்கள். பொந்தே உறுப்பான ஓர் உயிருக்கு அந்தப் பை என்னவாக இருக்கும்? கறுப்புச் சந்தையில் வாங்கும் ஒவ்வொருவரும் அடுத்த பைக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார்.

நிறத்துக்காக வாங்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். 1992இல் அமெரிக்காவில் முதல் வெண்குட்டியை வளர்ப்பில் பிறக்கவைத்ததிலிருந்து நூற்றுக்கணக்கான வண்ண வகைகள் வந்துவிட்டன. அவற்றில் 'ஸ்பைடர்' என்ற சிலந்தி வகைக்குத் தலை நடுங்கும். தடுமாறி இரையைத் தவறவிடும். 2022இல் வெளியான வருடிப் படங்கள், உட்காதில் சமநிலை காக்கும் பகுதியே குறையுடன் அமைந்திருப்பதைக் காட்டின. எவ்வளவு நல்ல தொட்டியும் அதைச் சரிசெய்யாது. அழகுக்காக ஒரு குறையைத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆயுளையும் யோசிக்க வேண்டும். 20, 30 ஆண்டுகள் வாழ்வது இதற்குச் சாதாரணம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 1961 முதல் இருந்துவந்த ஒரு பெண் பாம்பு, 60 வயதைக் கடந்த நிலையில், 2020இல் ஏழு முட்டைகள் இட்டது. பதினான்கு வயதுப் பையன் வாங்கிய குட்டி, அவனுக்குத் தலை நரைக்கும்போதும் அதே 32 டிகிரியைக் கேட்கும். இதை அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தெர்மோஸ்டாட் என்ன விலை மாமா?" என்றான்.

தெர்மோஸ்டாட் வந்தது. இரண்டாவது மறைவிடமும் ஈரப்பொந்தும் வந்தன. மூன்று பக்கம் கறுப்புத் தாள் ஒட்டினான், குறுக்கே ஒரு கிளை வைத்தான். பத்து நாள் தொடாமல் இருந்ததுதான் அவனுக்குப் பெரிய சோதனை. நான்காம் நாள் கண் தெளிந்தது. ஒன்பதாம் நாள் காலை ஈரப்பாசிக்குள் முழுச் சட்டை ஒரே துண்டாகக் கிடந்தது, இரண்டு கண் செதில்களோடும். அதை அளந்து பாம்பின் நீளம் என்று எழுத வேண்டாம் என்றேன். உரியும்போது சட்டை இழுபட்டு நீளும். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுது என்றேன். அக்கா அந்தத் தராசை அவனுக்கே கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் இரவு எலிக்குஞ்சை எடுத்தது. மார்ச் மாதத்தில் நோட்டுப் புத்தகத்தின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினான்: 71, 74, 79, 86 கிராம். கூடவே தொட்டியின் படமும் இருந்தது. நான் பெரிதாக்கிப் பார்த்தேன். கிளை, சருகு, தண்ணீர், இரண்டு மறைவிடங்கள். பாம்பைக் காணோம்.

"எங்கடா அது?" என்று கேட்டேன்.

"உள்ள இருக்கு மாமா. சூட்டுப் பக்கம்."